எஞ்சினோடு பாடியவர்

நிந்தவூரில் அந்தச் சொகுசு ஜீப்பைச் சுற்றி நான் நின்றேன், என் தங்கச்சி நின்றாள், கட்டாரில் உழைத்த காசோடு மச்சான் நின்றார். நான்காவது ஆள் அதை விற்பவர். பெரிய தொந்தி, அத்தர் வாசம்.

ஜீப்பை ஸ்டார்ட் செய்ததும் பழைய சினிமாப் பாட்டொன்றை உரத்துப் பாடினார். எஞ்சினை நிறுத்தியதும் பாட்டும் நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தார், மறுபடி பாட்டு.

“காக்கா, கொஞ்சம் வாய மூடுங்க. நாங்க எஞ்சின் சத்தம் கேக்க வந்த ஆக்கள்,” என்றாள் தங்கச்சி. காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.

மூடினார். எஞ்சினுக்குள்ளே டக் டக் என்று அடித்தது. டிராக்டர் ஓட்டும் எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

“மச்சான், சிலிண்டர் தேஞ்சி போச்சு.”

முதலில் சிரித்தவர் விற்பவர்தான். தொந்தி குலுங்கியது. எங்களாலும் அடக்க முடியவில்லை. அந்த மனிதரை எனக்கு இன்றும் பிடிக்கும்.

“எனக்கு வித்தவனும் பாடித்தான் வித்தான். அவனுக்கு வித்தவனும் அப்பிடித்தானாம்,” என்றார்.

மச்சான் காசுப் பையை இறுக்கிக்கொண்டு கேட்டார்: “மொத்தம் எத்தின பேர் காக்கா பாடின?”

கண்ணைத் துடைத்துவிட்டு விரல் மடித்து எண்ணினார்.

“என்னோட நாலு.”