அன்னப்பூரணியின் எஞ்சின்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அன்னப்பூரணி எஞ்சினுக்கு ஒயில் பூசுவாள். வீடு கூட்டி, உலை வைத்து, மீனுக்குப் புளி கரைத்துவிட்டு, நெல் மூட்டைக்குப் பின்னால், எஞ்சின் சாமான்களோடு கிடக்கும் சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு நிலத்தில் உட்காருவாள். அரிசி ஆலையில் கேட்டு வாங்கிய கறுத்த ஒயில் ஒரு பால்மா டின்னில் இருக்கும். புருசன் கட்டிக் கிழிந்த பழைய சாரத்தின் துண்டை அதில் தோய்த்து, இரும்பு ஒவ்வொன்றாக எடுத்துத் துடைப்பாள். பத்தொன்பது வருசம் அப்படி. புருசன் கனகசிங்கம் அதைக் காணவில்லை என்று சொல்ல முடியாது. பெண்சாதி குத்துவிளக்குத் துலக்குவதைக் காண்கிற மாதிரிக் கண்டிருக்கிறார்.

கார் அவருடையது. ஐம்பத்து மூன்றாம் ஆண்டு ஒஸ்டின். புளியந்தீவில் பஸ் நிலையத்தடியில் நிறுத்தி, வாடகைக்கு ஆளேற்றி ஹயர் ஓடினார். தொண்ணூறில் சண்டை மூண்டபோது, ஓடுகிற வாகனம் எந்த வீட்டில் நின்றாலும் சண்டை பிடிக்கிற யாரோ ஒரு பகுதியார் வந்து கொண்டுபோனார்கள். கனகசிங்கம் இரண்டே பகலில் காரைக் கழற்றினார். காரின் வெறுங்கூட்டைக் கிரான் ஊரில் சிநேகிதர் சீனித்தம்பியின் மாட்டுப்பட்டிக்குள் வைக்கோலால் மூடினார். எஞ்சினைப் பிரித்துத் தங்கள் கல்லடி வீட்டின் மூலையில் போட்டார். துண்டு துண்டாய்க் கிடக்கிற காரை எவனும் கடத்த மாட்டான். பிறகு அடுத்தவர்களின் டிராக்டரை ஓட்டிப் பிழைத்தார். எஞ்சினை மறந்தும் போனார்.

சுனாமி வந்த அன்று இரண்டு பேரும் சித்தாண்டியில், அன்னப்பூரணியின் தங்கை புஸ்பத்தின் வீட்டில் நின்றார்கள். மூன்றாம் நாள் கல்லடிக்கு வந்து பார்த்தால் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையையே அடையாளம் தெரியவில்லை. அலுமாரி, கட்டில், கதவு, கூரை, பக்கத்து வீட்டு நாலு பேர், எல்லாவற்றையும் கொண்டுபோன தண்ணீர், எஞ்சினின் பெரிய புளொக்கை மட்டும் வைத்த இடத்திலேயே விட்டிருந்தது. வெறும் சீமெந்துத் தரையில் அது தனியாகக் குந்தியிருந்தது. பக்கத்தில் நசுங்கிய ஒரு பெரிய அலுமினியப் பானை. சித்தாண்டிக்குப் போகுமுன், இரும்பு பொறுக்குகிறவர்களுக்குப் பயந்து, சின்னச் சாமான்களைப் பானையில் போட்டு, மூடியைக் கம்பியால் இறுக்கி, கிணற்றுக் கயிற்றால் புளொக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தாள் அன்னப்பூரணி. முடிச்சு அவிழவில்லை.

அகதி முகாமில் பவுசர் வண்டியில் வந்த தண்ணீரை ஆளுக்கு அளந்து கொடுத்தார்கள். அவள் அதை எடுத்து எஞ்சின் சாமான்களில் படிந்த கடல் உப்பைக் கழுவினாள்.

"குடிக்கத் தண்ணியில்ல, நீ பிஸ்டனக் குளிப்பாட்டுறாய்! உனக்கென்னகா விசரா?" என்று முகாமே கேட்கக் கத்தினார் கனகசிங்கம்.

"என்ட பங்கத்தான ஊத்துறன். நீங்க உங்கட பங்கக் குடியுங்க."

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் சண்டை ஓய்ந்தது. கனகசிங்கம் கிரானுக்குப் போய் வைக்கோலைக் கிளறி, கூட்டைக் கல்லடியில் திரும்பக் கட்டிய வீட்டுக்கு ஏற்றிவந்தார். ஏறாவூரில் கராஜ் வைத்திருந்த கச்சி முகம்மது வந்து தகரம் தட்டினார், உக்கிய அடித்தட்டை வெட்டிப் புதிது ஒட்டினார், பழையபடி கரும்பச்சை அடித்தார். மார்கழிக்குள் கூடு மினுங்கியது. எஞ்சின் மட்டும் ஜப்பான் டீசல் என்பது கனகசிங்கத்தின் திட்டம். கொழும்பிலிருந்து திங்கட்கிழமை லொறியில் வருகிறது. பழையது அதே லொறியில் பழைய இரும்புக்குப் போகும்.

அன்னப்பூரணி அதைக் கேட்டுக்கொண்டு சோறு போட்டாள். அந்தச் சனிக்கிழமை துடைத்து முடித்தபின் ஒன்றையும் சாக்குக்குள் வைக்கவில்லை. பாயில் பரப்பினாள்.

"காக்கா, எறியிறதெண்டாலும் ஒருக்காப் பாத்துப்போட்டு எறியுங்க" என்று கச்சி முகம்மதுவை அண்ணன் முறையில் கூப்பிட்டுச் சொன்னாள்.

கச்சி முகம்மது மரியாதைக்குக் குனிந்தார். கிராங்கைத் தூக்கினார். கண்ணாடியை மாட்டினார். நகத்தால் நெடுகக் கீறிப் பார்த்தார்.

"யா அல்லாஹ். மச்சான், இஞ்ச வாங்க. இதில மூஞ்சி தெரியிது." பிறகு பிஸ்டன்களைப் பார்த்து நின்றார். "எது எந்தக் குழிக்குரியது? தேஞ்ச பிஸ்டன் அதது அதன்ட குழியிலதான் ஓடும். மாறினா இறுகிப்போகும்."

கனகசிங்கம் தலையைச் சொறிந்தார்.

"முடிச்ச எண்ணுங்க காக்கா" என்றாள் அன்னப்பூரணி. பிஸ்டன் சுற்றிய துணிகளில் ஒன்றில் ஒரு முடிச்சு, அடுத்ததில் இரண்டு, மூன்று, நாலு. "கழட்டக்குள்ள இவர் வரிசையாத்தான் வைச்சவர். மறுகா தேத்தண்ணி குடிக்கப் போயிட்டார். நான்தான் கட்டின."

"ஒங்கள விட்டுட்டு இந்த மனிசனுக்கா லைசன்ஸ் குடுத்தானுகள், தங்கச்சி?"

ஞாயிறு விடிய மழை பிடித்தது. கார் நின்ற கொட்டில் ஒழுகியது. புளொக்கை ஹோலுக்குள் கொண்டுவந்து மரச்சட்டத்தில் இருத்தி, சாமான்களை அங்கேயே பொருத்திப் பூட்டினார்கள். புகைக்குழாய் ஜன்னலால் வெளியே போனது. பெற்றோல் ஒரு போத்தலில், ஜன்னல் கம்பியில் தொங்கியது. பின்னேரம் கச்சி முகம்மது ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார். ஒன்றுமில்லை. இரண்டாம் தரம் உள்ளே ஏதோ இருமியது. மூன்றாம் தரம் எஞ்சின் எழுந்தது.

கராஜில் கேட்டால் அது சத்தம். வீட்டுக்குள் அது வேறு என்னவோ. தரை அதிர்ந்தது, தட்டுகள் கிலுங்கின. தறிகெட்ட இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, ஒரே சீராக, மெத்தென்று நாலு பிஸ்டனின் அடியும் நாலிடத்தில் விழுந்தது. பத்தொன்பது வருசம் மூச்சில்லாமல் கிடந்த இரும்பு. ஒரு கடல் மேலால் போன இரும்பு. கோயிலில் திரை விலகும்போது போல, தோளில் கிடந்த துவாயைக் கனகசிங்கத்தின் கை தானாக இறக்கி இடுப்புக்குக் கொண்டுவந்தது. அவர் பார்த்தது எஞ்சினையல்ல. சுவரோடு நின்ற பெண்சாதியின் கைகளை. நகக்கண்களில் கறுப்பு ஓடியிருந்தது. இவ்வளவு காலமும் அதைச் சட்டிக் கரி என்றே நினைத்திருந்தார்.

தண்ணீர் ஊற்றாத எஞ்சின் சூடேறும் என்று கச்சி முகம்மது வயரை இழுத்து அதை நிறுத்தினார். மழைச் சத்தம் திரும்பி வந்தது.

"இனிச் சொல்லுங்க மச்சான். லொறிக்காரன் நாளைக்கு வாறான்."

கனகசிங்கம் ஃபோனை எடுத்தார். "தம்பி, டீசல் எஞ்சின் வேணாம். ஓம், வேணாம். இல்ல, பழைய இரும்புமில்ல. ஒண்டும் ஏத்த வராத." வைத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக மனைவி பக்கம் கிறுகினார். "கேட்டியாகா? இனி என்ட காருக்கு என்ட எஞ்சின்தான்."

அன்னப்பூரணி தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்கட காரில நான் எத்தின தரம் ஏறியிருக்கன்?"

குற்றம் பிடிக்கிற குரல் இல்லை. அரிசி இருக்கா என்று கேட்கிற குரல்தான். கனகசிங்கம் யோசித்தார். ஹயர் போன கலியாணங்கள் ஞாபகம் வந்தன, ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன பிள்ளைத்தாய்ச்சிகள் ஞாபகம் வந்தார்கள், சாராயம் குடித்துச் சீற்றில் சத்தி எடுத்த ஓவசியர்கூட வந்தார். முன் சீற்றில் இவள் இருக்கிற மாதிரி ஒன்று வரவில்லை. கச்சி முகம்மது அவசரமாகக் குனிந்து, துடைத்த ஹாண்டிலையே மறுபடி துடைத்தார்.

அன்னப்பூரணி கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.