கடல் தொட்டியில் விழுந்த பொரி

பிள்ளைகளா, நம் கடல்மீன் தொட்டி பிழைத்த கதை இது. தண்ணீரில் பாஸ்பேட் என்ற உப்பு ஏறிப் பாசி படர்ந்து, உள்ளே வளர்த்த பவளங்கள் சுருங்கிவிட்டன. "திருச்சியில கடலை வச்சுக்க முடியாதுங்க, வித்துடுங்க" என்றார் தில்லை நகர் மீன்தொட்டிக் கடைக்காரர். நான் விற்கவில்லை. தண்ணீரை மாற்றி, பாஸ்பேட்டை உறிஞ்சும் மருந்தும் வைத்தேன். அளவு இறங்கும், ஸ்ரீரங்கத்திலிருந்து என் அக்கா, உங்கள் அத்தை, வந்துபோனால் மறுபடி ஏறும். ஒருநாள் பார்த்துவிட்டேன். அக்கா தொட்டிக்குள் பொரி தூவிக்கொண்டிருந்தார்.

"கோயில் குளத்து மீனுக்குப் போடறேன்ல, இதுக்கும் போட்டா புண்ணியம்டா."

"அது இதுல அழுகி பாஸ்பேட் ஏறுதுக்கா. பவளம் சாகுது."

"அப்ப நான் இனிமே வரல."

"வாக்கா. பொரி இல்லாம வா."

இப்போது மூடியைப் பூட்டி வைத்து, ஒரு சிட்டிகை தீனியை நான் மட்டும் போடுகிறேன். பவளங்கள் விரியத் தொடங்கிவிட்டன. அன்று அத்தை விட்டுப்போன பொரியைத் தொட்டி முன்னால் தனியாக உட்கார்ந்து நானே தின்று தீர்த்தேன்.