அவளைக் களத்துக்கு அழைத்தேன்

இதை எழுத நினைத்துப் பல வருடங்கள் போய்விட்டன. கொப்பியை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிடுவேன். உயிரோடு இருக்கிற சொந்தக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும் என்ற தயக்கம்தான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல் இருந்தது. சண்டையால் டீசல் கிடைக்காத காலம். பழையபடி மாடு விட்டுத்தான் சூடு மிதித்தோம். வெட்டிய கதிரைக் களத்தில் பரப்பி, மாடுகளை வட்டமாக நடத்தி நெல்லைப் பிரிப்போம். களம் எங்களுக்குக் கோயில் மாதிரி. சாணத்தில் பிள்ளையார் பிடித்து அறுகம்புல் குத்தி வைத்த பிறகு யாரும் செருப்போடு உள்ளே போகமாட்டார்கள். பெண்கள் வெறுங்காலோடும் போகக்கூடாது. வெட்டுவதும் கட்டுவதும் சுமப்பதும் அவர்கள்தான், ஆனால் களத்து வரம்போடு நின்றுவிட வேண்டும். நெல்லில் பங்கு களத்துக்குள் உழைத்தவருக்கு மட்டும்.

என் களத்தில் வருடா வருடம் மாடு நடத்தியவர் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒருவர். அந்த மாரியில் மலேரியா அவரைக் கொண்டுபோய்விட்டது. சூடு மிதிக்கத் தொடங்கிய அன்று அவருடைய மனைவி வரம்பில் வந்து நின்றாள்.

"ஐயா, அவரு செஞ்ச வேலைய நானே செய்றேங்க. மாடு எனக்குப் பழக்கந்தான். நெல்லு கெடச்சா புள்ளைங்களுக்குக் கொஞ்ச நாளைக்குக் கஞ்சி ஊத்திருவேன்."

மூன்று பிள்ளைகள் அவளுக்கு. ஒருவர் களத்துக்கு மற்றவர் என்று கைமாறாக வேலைசெய்ய வந்திருந்த மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அதில் ஒருவர் என் மனைவியின் தமையன்.

"அது சரிவராது பிள்ளை" என்றேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

அன்று பின்னேரம் விளக்கு வைத்தேன். தேவாரம் வாயில் வரவில்லை. குசினியில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகளின் கஞ்சியைத் தடுக்கச் சொல்லிப் பிள்ளையாரா கேட்டார்? அவர் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. நாங்களாகச் சொல்லிக்கொண்டது.

விடிந்ததும் நானே அவளுடைய கொட்டில் வீட்டுக்குப் போனேன். "கால் கழுவிப்போட்டு வா பிள்ளை" என்றேன்.

அவள் களத்துக்குள் வந்ததும் மச்சான் கையிலிருந்த தடியைக் கீழே போட்டார்.

"பொம்பிளை மிதிச்ச களத்தில பொலி தங்காது. உனக்கென்ன விசரே?"

"கதிரை வெட்டினதும் அவையள்தானே, மச்சான்."

"அப்ப நாளைக்கு ஐயருக்குப் பதிலா அவளையே பூசைக்கும் விடன்."

மற்ற இருவரும் சிரித்தார்கள். சிரித்தபடியே சைக்கிளை எடுத்துக்கொண்டு மூவரும் போய்விட்டார்கள்.

இரண்டு நாள் வேலை ஐந்து நாளானது. அவள் மாட்டை நடத்தினாள், நான் வைக்கோலை உதறினேன். மத்தியானம் மனைவி சோறு கொண்டுவந்து வரம்பில் நின்றார். "உள்ளுக்கு வாவன்" என்றேன்.

"எனக்குப் பயமாக் கிடக்கப்பா. நீங்கள் செய்யிறது பிழையெண்டு சொல்லேல்லை. ஆனா நான் வரமாட்டன்."

முடிந்ததும் அவளுடைய பங்கை முதலில் அளந்து கொடுத்தேன். சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "என்னால உங்களுக்குக் கரச்சலாப் போச்சுங்களே" என்றாள்.

ஊர்க்கோயில் பொங்கலுக்கு எல்லா வீட்டாரும் புது அரிசி கொடுப்போம். அந்த வருடம் என் அரிசியைப் பானையில் போடவில்லை. மண்டபத்து மூலையில் தனியாக வைத்திருந்தார்கள். ஒருவரும் ஏசவில்லை, பேசவுமில்லை. கும்பிடும்போது பக்கத்தில் நின்றவர்கள் தள்ளி நின்றார்கள். எனக்குக் காது குத்தியது அந்தக் கோயிலில்தான். அன்று நின்ற இடத்திலேயே அழுதேன்.

அரிசியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மனைவி முற்றத்தில் பொங்கினார். கூப்பிட ஆளில்லை. இருவருமாகச் சாப்பிட்டும் பானையில் பாதி மிச்சம்.

அடுத்த சூட்டுக்கும் அவளும் நானும்தான். பிறகு வந்த இடப்பெயர்வில் அவள் வவுனியாப் பக்கம் போனதாகக் கேள்வி. அதன்பிறகு நான் அவளைக் காணவில்லை.

இப்போது இந்தக் கதை இரண்டு விதமாக உலாவுகிறது. நெல்லெல்லாம் பதராய்ப் போனது என்கிறார்கள் சிலர். கடவுள் இரட்டிப்பாய்த் தந்தார் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் பொய். வழக்கமான நெல்தான் கிடைத்தது. மச்சான் இன்றுவரை என் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே வரவில்லை. நீங்கள் இதை யாருக்காவது சொல்வதானால், கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். நான் முதலில் அவளைத் திருப்பி அனுப்பியதையும் விட்டுவிடாதீர்கள்.