இடப்பக்கம் திரும்பாத படம்

எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்த எனக்கு, பெங்களூரில் வீடுகளைக் கம்ப்யூட்டரில் சுற்றிக் காட்டும் படங்களுக்குப் பட்டன் சேர்க்கும் வேலை கிடைத்தது. ஒரு புது ஃபிளாட்டின் பால்கனிப் படத்தை இடப்பக்கம் திருப்பினால் சாக்கடைக் கால்வாய் தெரிந்தது.

"அதை மூடப்போறாங்கப்பா. அதுவரைக்கும் அந்தப் பக்கம் திரும்பாம லாக் பண்ணிடு" என்றார் முதலாளி. நம்பிச் செய்தேன்.

முன்பு இதே ஊரின் மர்பி டவுனில் எனக்குச் சோறு போட்ட மேரி அக்கா, மஸ்கட்டில் நர்ஸாக இருந்தபடியே அந்தப் படத்தை மட்டும் பார்த்து வீட்டை வாங்கினார். குடிவந்த அன்று போனேன். மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எவ்ளோ அமுக்கியும் திரும்பலடா. உன் அக்கான்னு சொல்லிப் போன் பண்ணிக் கேட்டா, 'கம்ப்யூட்டர் கோளாறு, உங்க தம்பி செஞ்ச படம்தானேம்மா, நம்ப மாட்டீங்களா'ன்னாரு உங்க முதலாளி. பக்கத்து வீட்ல விசாரிச்சா, இந்தச் சாக்கடை மோரியை மூடுற பேச்சே இல்லையாமே?"

மறுநாளே வேலையை விட்டேன். முதலாளி என் கையையும் பெயரையும் வைத்தே அக்காவை ஏமாற்றிவிட்டார். ஆனால் அது கோளாறு இல்லை, நான் போட்ட பூட்டு என்று அக்காவிடம் சொல்ல எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.