தேவராஜ் அண்ணனுக்காக நான் ஆட்டிய தலை

தேவராஜ் அண்ணன் இன்று காலையில் இறந்துவிட்டார். நுரையீரல் புற்றுநோய்... தெரியவந்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

கும்மிடிப்பூண்டி ஸ்டீல் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷமாக ஒரே ஷிப்ட் நாங்கள். அவர் ஃபிட்டர், நான் வெல்டர்.

RIP என்று போட்டுவிட்டுப் போக முடியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு சிகரெட்டை விடுவதற்காக அரசு மருத்துவமனையில் கவுன்சிலிங் போனார். துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள், என்னைக் கூட்டிப்போனார்.

கவுன்சிலர் மேடம் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "மறுபடி பிடிச்சா திட்டாதீங்க, மறைக்கவும் செய்யாதீங்க. இங்க கூட்டிட்டு வாங்க."

அண்ணன் சிகரெட்டை நிறுத்தினார். சும்மா சும்மா எரிந்து விழுவார், வாயில் எந்நேரமும் கிராம்பு. அவர் ஏறினால் ஷிப்ட் பஸ்ஸே பிரியாணிக் கடை ஆகிவிடுகிறது என்று ஓட்டுவோம். மூன்று மாதம் தாக்குப்பிடித்தார்.

அப்புறம் மெஷின்களை நிறுத்திப்போட்டுப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை, தொடர்ந்து டபுள் ட்யூட்டி. கம்பெனி கேட்டுக்கு எதிரே இருக்கும் கடையில் பற்றவைத்துக்கொண்டு நின்றவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான்பா. உங்க அண்ணியாண்ட சொல்லிடாத, தாங்க மாட்டா."

அந்த ஒன்று, ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் என்று ஆனது. நான் அண்ணியிடமும் சொல்லவில்லை, அவரைத் திரும்பக் கூட்டிப்போகவும் இல்லை... பெரிய ஃப்ரெண்ட் என்று நினைப்பு எனக்கு.

போன வருஷம் இருமல் ஆரம்பித்தது. எங்கள் ஏரியாவில் யார் இருமினாலும் கம்பெனி டஸ்ட் என்றுதான் சொல்வோம்.

கிளினிக்குக்கு மூன்று பேரும் போனோம். சிகரெட் பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டதும் மேரி அண்ணி முந்திக்கொண்டார்.

"அதெல்லாம் உட்டுட்டாரு சார். இன்னா தம்பி, நீதான கூடவே கீற?"

அண்ணன் என்னையே பார்த்தார். நான் தலையாட்டினேன். டாக்டர் எக்ஸ்ரேகூட எடுக்கச் சொல்லாமல் சிரப் எழுதிக்கொடுத்தார்.

இன்று ஆரம்பாக்கத்தில் அவர் வீட்டில் மாலை போட்டுவிட்டுத் திரும்பும்போது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவருதான் உட்டுட்டாரே தம்பி... அப்பறம் எப்டி வந்துச்சி?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அழவில்லை, கையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"அன்னிக்கே டாக்டராண்ட சொல்லிருந்தா நான் இன்னா, உங்க ரெண்டு பேரையும் அடிச்சா போட்டுருப்பேன்?"

அண்ணே... உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். ஒரு வருஷம் லேட்டாக.

போய் வாருங்கள்.