மூலை வெட்டிய தாள்கள்

பதினான்கு ஆண்டுகள் துணிப்பைகளில் கடைப்பெயர்களை அச்சடித்துப் பழகிய கை அந்தப் பெண்ணுடையது. பைக்கூடம் மூடப்பட்டதும், உணரிகள் தயாரிக்கும் சிறு நிறுவனமொன்று அவரை ஆறு மாதச் சோதனைக் காலத்துக்கு வேலையில் சேர்த்துக்கொண்டது. அங்கே மை கலக்குபவர் முதல் நாளே அவருக்குப் 'பை அக்கா' என்று பெயர் சூட்டிவிட்டார். அவர் இவரை அக்கா என்பார். இவர் அவரை அண்ணே என்பார். ஆகவே அந்த அறையில் மூத்தவர் யார் என்பது முடிவாகவே இல்லை.

வேலை என்னவோ பழைய வேலைதான். சட்டத்தில் இறுக்கிய வலைத்துணி, அதன்மேல் மை, ரப்பர் விளிம்பு வைத்த கட்டையால் ஒரே இழுப்பு. மைதான் வேறு. கண்ணாடிபோன்ற தாளில் முதலில் வெள்ளி மை, அதன்மேல் பிளாஸ்டிக் மை, மீண்டும் வெள்ளி மை. அடுப்பில் காய்ந்தபின் உயர் மின்னழுத்தத்தை ஒருமுறை ஏற்றினால், அந்தப் பிளாஸ்டிக் படலத்துக்கு ஒரு குணம் வந்துவிடும்: அழுத்தினாலும் வளைத்தாலும் தானே சிறிது மின்சாரம் தரும். மெத்தைக்கு அடியில் விரித்தால், படுத்திருக்கும் நோயாளியின் மூச்சைக்கூட எண்ணும்.

"மூச்சு விடுறதுக்கெல்லாம் கணக்கு வெச்சா மனுஷன் எப்படிண்ணே நிம்மதியா தூங்குவான்?"

"உங்க வீட்டுக்காரர் குறட்டைக்கு ஒண்ணு விரிச்சுப் பாருங்கக்கா. மீட்டர் தாங்காது."

ஆறாம் மாதம் சிக்கல் முளைத்தது. அதுவரை ஒற்றைத் தாளாகப் போன விரிப்பு, அம்முறைதான் முதன்முதலாக இரண்டு தாள்களை ஒட்டித் தயாராயிற்று. மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாற்பதில் பத்தொன்பது விரிப்புகள் ஊமையாகக் கிடந்தன. தனித்தனியே சோதித்தபோது ஒவ்வொரு தாளும் தேறியிருந்தது. ஒட்டிய பிறகுதான் உயிர் போயிற்று. சென்ற மாதம் மையின் கரைப்பானை மாற்றியவர் மைக்காரர். அந்த மையைப் பசை அரித்துவிட்டது என்று பொறியாளர் அம்மாள் முடிவுகட்டினார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேற காரணம் தெரியலன்னா, மைய வெளியிலிருந்துதான் வாங்கணும்."

வெளியிலிருந்து மை வந்தால் உள்ளே மைக்காரருக்கு வேலையில்லை. அவர் கிளறுகோலைக் கீழே வைக்கவில்லை. "பதினோரு வருஷமா கலக்குறேன். இப்போ என் கையில விஷம் வந்துடுச்சாம்" என்றார். பிறகு அன்று முழுவதும் கேலி பேசவில்லை.

வியாழக்கிழமை உணவு இடைவேளையில் பை அக்கா அலமாரியிலிருந்த பழைய முள் மீட்டரை எடுத்து, ஒட்டாத தாள்களை ஒவ்வொன்றாக இணைத்து விரலால் தட்டிப் பார்த்தார். முள் வலப்பக்கம் துள்ளியது. அடுத்த தாளுக்கு இடப்பக்கம். அடுத்ததற்கு மறுபடியும் வலம். சோதனைப் பொறி மின்சாரம் எவ்வளவு என்று மட்டுமே பார்க்கும். எந்தத் திசை என்று பார்க்காது.

அவர் தாம் அடுக்கிய தாள்கட்டைத் திரும்பிப் பார்த்தார்.

அச்சு உராயாமலிருக்க முகத்தோடு முகம், முதுகோடு முதுகு வைத்து அடுக்க வேண்டும் என்பது பைக்கூடத்தின் முதல் பாடம். இங்கும் அவர் கை அப்படியே அடுக்கியிருந்தது. இந்தத் தாளுக்கோ முன்னும் பின்னும் பார்வைக்கு ஒன்றே. மின்னழுத்தம் ஏற்றுபவர் அடுக்கில் வந்தபடியே எடுத்து வைத்திருக்கிறார். பாதித் தாள்கள் தலைகீழாக மின்சாரம் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. எதிரெதிரான இரண்டு ஒன்றாக ஒட்டப்பட்டால், ஒன்று தருவதை மற்றொன்று தின்றுவிடும்.

யாரும் பார்க்கவில்லை. சோதனைக் காலம் முடிய இன்னும் இருபது நாள்கள் இருந்தன. பேருந்து ஓட்டிய கணவர் முதுகுவலியால் வீட்டில் உட்கார்ந்து ஓராண்டாகியிருந்தது. பை அக்கா டிபன் டப்பாவைத் திறந்தார், உண்ணாமல் மூடினார். மீட்டரையும் தாள்களையும் தூக்கிக்கொண்டு பொறியாளரிடம் போனார்.

"மேடம், தப்பு மையில இல்ல. என் கையில."

தட்டிக் காட்டினார். முள் அங்குமிங்கும் போய்வந்தது.

"ஏன் இப்படி அடுக்குனீங்க?"

"பழகின கை மேடம். என்னைக் கேக்காம செஞ்சிருக்கு."

பொறியாளர் மீட்டரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். ஊமை விரிப்பு ஒன்றை எடுத்தார், ஒரு தாளின் இரண்டு கம்பிகளை மட்டும் கழற்றி, இடம் மாற்றிப் பற்றவைத்தார், உள்ளங்கையால் அழுத்தினார். முள் துள்ளி எழுந்தது. மாலைக்குள் பத்தொன்பதும் பேசின.

ஆனாலும் சோதனைக் காலம் மேலும் மூன்று மாதம் நீண்டது.

"மூணு மாசம் தள்ளி வெச்சுட்டாங்க" என்றார் வீட்டில்.

"வெளிய தள்ளலையே" என்றார் கணவர், சுவரில் முதுகைச் சாய்த்தபடி.

மைக்காரர்தாம் வெள்ளியும் சனியும் முகம்கொடுத்துப் பேசவில்லை. திங்கட்கிழமை அச்சு மேசைக்கு வந்தவர், வெறுந்தாள் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். அதன் வலது மேல் மூலை சாய்வாக வெட்டப்பட்டிருந்தது.

"எலி கடிச்ச மாதிரி இருக்கு."

"எலிக்கு மேல் பக்கம் எதுன்னு தெரியாதுண்ணே. நான்தான் அடையாளத்துக்கு வெட்டினேன்."

அவர் சிரிக்கவில்லை. "ஒரு வாரம் என்னை விஷக்காரனா ஆக்கி வெச்சீங்க."

"ஆமாண்ணே."

மைக்காரர் போனார், சற்று நேரத்தில் மூடியிட்ட குடுவையோடு திரும்பி, அதை மேசையில் அவர் பக்கம் தள்ளிவைத்தார். "புதுசா கலக்கினது. உறையறதுக்குள்ள இழுங்கக்கா."

அக்கா என்ற அந்தச் சொல்லைக் கேட்டபின்தான் பை அக்கா கட்டையைக் கையிலெடுத்தார். ஒரே இழுப்பு. அச்சான தாளை எடுத்ததும் கை பழக்கத்தில் அதைத் திருப்பிவிட்டது. வெட்டிய மூலை இடப்பக்கம் வந்து நின்றது. அதைப் பார்த்து, தாளை மறுபடியும் நேராக்கி வைத்தார்.