முதல் பதிப்புக்கு மஞ்சள்

தொழிலாளர்கள் படும் பாட்டை எழுதியே சட்டத்தை அசைத்த அமெரிக்க நாவலாசிரியர் ஒருவர். அவருடைய முதல் பதிப்புகளைத் தேடித்தேடிச் சேர்க்கும் பைத்தியம் நான் என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்று ஒன்று கூரியரில் வந்தது. நான் சேவூர் போய்த் திரும்புவதற்குள் மனைவி மலர் பார்சலைப் பிரித்துவிட்டாள்.

மேலட்டையின் மூலையில் ஈரம் காயாத மஞ்சள்.

நூறு வருஷம் கறைபடாமல் பிழைத்த அட்டை. புத்தகத்தை ஏந்தியபடி ஜன்னல் வெளிச்சத்தில் போய் நின்றேன்.

“என்னங்க அப்படி நிக்கிறீங்க? புதுப்புடவை ஓரத்துல மஞ்சள் வெக்காம கட்டுவோமா?”

“இது பழைய புத்தகம், மலர்.”

“முதல் பதிப்பு, முதல் பதிப்புன்னு நீங்கதான சொல்லிகினு இருந்தீங்க? முதல்ல வந்ததுக்கு வெக்காம வேற எதுக்கு வெக்கிறது?”

புத்தகத்தை உள்ளே வைக்க அலமாரியைத் திறந்தேன். உள்ளே இருந்த அத்தனை அட்டைகளிலும் மஞ்சள்.

“இதுக்கு மட்டும் வெச்சா அதுங்க மனசு என்னா ஆவும்?”

வாழ்நாளெல்லாம் சமத்துவம் பேசியவர் அந்த நாவலாசிரியர். அவர் இவள் கட்சிதான்.

சேகரிக்கும் நண்பர்களே, புத்தகத்தின் நிலை பற்றி எழுதும்போது இதைக் ‘கறை’ என்று போடுவதா, ‘மங்களம்’ என்று போடுவதா? மலரும் இந்தப் பக்கத்தைப் படிப்பாள். பார்த்துப் பதில் போடுங்கள்.